அப்படியே வராது

சென்னையிலிருந்து காரைக்குடி வரும் பகல் ரயிலில், சட்டைப்பையை ஒரு கையால் பொத்தியபடியே உட்கார்ந்திருந்த மனிதரை யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். எதிர் இருக்கை அம்மாள் நெஞ்சு வலி என்று நினைத்து எனக்குச் சோடா வாங்கித் தரப் பார்த்தார். நெஞ்சில் வலி இல்லை, பென் டிரைவ் இருந்தது. அதற்குள் நான் மாதக்கணக்கில் எடிட் செய்த முக்கால் மணி நேரப் படம் இருந்தது. இருந்தது என்று நம்பினேன். விழுப்புரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட இறங்கவில்லை. கழிப்பறைக்குப் போனபோது கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து அதைப் பல்லில் கடித்துக்கொண்டு போனேன். "எழுதுறது எழுதுங்க, அந்தப் பல் விஷயத்தை மட்டும் எடுத்துருங்க" என்கிறாள் என் மனைவி. எடுக்கவில்லை. உண்மை என்றால் முழு உண்மையாக இருக்கட்டும்.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் மாடி. அங்கே வீடியோ எடிட்டிங் செய்யும் ஓர் அக்கா அந்தப் பென் டிரைவைத் தன் கணினியில் செருகினார். கீழிருந்து மேல் வரை திரை முழுக்கச் சிவப்புப் பட்டைகள் வந்தன. ஒவ்வொரு பட்டையிலும் கோப்பு இல்லை, கோப்பு இல்லை என்று எழுதியிருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, வீட்டு விலாசத்தை மட்டும் கொண்டாந்திருக்கீக. வீட்டைக் கொண்டாரலையே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு எடிட்டிங் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு ஒரு பொதுக் கோப்பு உண்டு. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது, எங்கே வெட்டியது, எதற்குப் பின்னால் எதை ஒட்டியது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். இணையத்தில் ஒரு பையன் சொன்னபடி அதை மட்டும் தயார் செய்து, பல்லில் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். படம் எடுத்த துண்டுகளெல்லாம் சென்னையில் என் மேஜை இழுப்பறைக்குள், ஹார்டு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. நான் காவல் காத்து வந்த பொருளின் அளவு, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கம் அளவுகூட இல்லை.

"திரும்பிப் போயி எடுத்தாங்க. இந்தத் தடவை பையில கை வைக்காம வாங்க. பாக்குறவுக பயந்துருவாக" என்றார். நான் படி ஏறியபோதே பார்த்திருக்கிறார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. போட்டோகிராபர்கள், கல்யாண வீட்டார், கீழே தேன்குழல் பிழிகிறவர் எல்லாருக்கும் அவர் மாடியக்கா. கீழச்சிவல்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், விவசாயக் குடும்பம். அறையில் இருந்த ஒரே மின்விசிறி கணினியைப் பார்த்துத்தான் சுற்றும். வந்தவர்கள் வேர்த்து வழிந்தால், "நீங்க வேர்த்தா தொடச்சுக்கிருவீக, அது என்ன பண்ணும்?" என்பார். எடிட் செய்ததைக் கணினி படமாக உருட்டித் திரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் முருங்கைக்கீரை உருவுவார். "எவ்வளவு நேரமாகும் அக்கா?" என்று கேட்டால், "ரெண்டு கட்டுக் கீரை" என்று பதில் வரும். நிச்சயதார்த்தம் என்றால் ஒரு கட்டு. கல்யாணத்துக்கு வெங்காயமும் சேர்த்து உரிக்க வேண்டியிருக்கும்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'அப்படியே.' அவரிடம் வருகிற எல்லாரும் அந்தச் சொல்லோடுதான் வருவார்கள். பழைய கேசட்டை அப்படியே பென் டிரைவில் போடுங்கள். போனில் எடுத்ததை அப்படியே பெரிய திரையில் காட்டுங்கள். வேறு ஸ்டூடியோ பாதியில் விட்ட வேலையை அப்படியே தொடருங்கள். இந்தச் சொல் காதில் விழுந்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிடுவார்.

"அப்படியேன்னு எதுவும் வராது. என்ன வரும், என்ன வராதுன்னு சொல்றேன். கேட்டுட்டு, வேணுமா வேணாமான்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். வராததை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்வார். பேருந்தில் ஏறும் முன்பே அது எங்கெல்லாம் நிற்காது என்று சொல்கிற நடத்துநரைப் போல. கேட்கிறவர் ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து "சரி" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது.

ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு பெண்ணின் தகப்பனார் வந்திருந்தார். கல்யாண வீடியோவில் மகள் முகத்தை இன்னும் வெளுப்பாக்க வேண்டுமாம்.

"ஆக்கலாம். ஆனா மூக்குத்தி தெரியாது."

"ஏன் தெரியாது?"

"மூஞ்சி அம்புட்டு வெள்ளையானா வைரம் அதுக்குள்ள முங்கிப் போயிரும். பாக்குறவுக, மூக்குத்தி போடாம அனுப்பிட்டாகன்னு பேசுவாக. சரியா?"

கடைசியில் மூக்குத்திதான் ஜெயித்தது. மகள் அவள் நிறத்திலேயே புருஷன் வீட்டுக்குப் போனாள்.

இந்தக் குணம் கணினியோடு நின்றிருந்தால் தொழில் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அக்காவின் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், பலகாரத் தட்டை நீட்டியபடியே, "நல்ல பொண்ணுங்க. ஆனா காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு யாரு கூடவும் பேச மாட்டா. கேட்டா எரிஞ்சு விழுவா. சரியா?" என்று கேட்டிருக்கிறார். தங்கை அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டாராம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு "சரி" என்றார்கள். அந்த மாப்பிள்ளை இன்றுவரை காலைக் காப்பி முடியும்வரை மனைவியிடம் வாயைத் திறப்பதில்லை. இரண்டு பேரும் சௌக்கியமாக இருக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் பேசியபோது என்னைப் பற்றி இப்படி ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருமுறை வீட்டில் கேட்டேன். "பலகாரத் தட்டைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிருப்போம்" என்று பதில் வந்தது.

பிற்பாடு அவர் மதுரைக்கு மாறிப் போனபோதும் இதே கதைதான். அவர் மகன் அங்கே ஸ்டூடியோவுக்குப் பெரிய இடமாகப் பார்த்துவிட்டான். எல்லாரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் தனக்குத்தானே வராதவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். "ஏசி இருக்கு. ஆனா சன்னல் இல்ல. கீழ தேன்குழல் வாசனை வராது. நீங்களும் அடிக்கடி வர மாட்டீக." பிறகு என்னைப் பார்த்து, "அது ஒண்ணு நல்லது" என்றார்.

என் படத்துக்கு வருகிறேன். என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, நேமத்தான்பட்டி வீட்டில் சதாபிஷேகம் வைத்திருந்தோம். எங்கள் குடும்பத்தில் என் பெயர் எதையும் முடிக்காதவன் என்பது. பாதி எழுதிய நாவல், பாதி கற்ற வீணை, பாதி கட்டிய மாடிப்படி எல்லாம் சாட்சிக்கு இருக்கின்றன. அந்தப் பெயரைத் துடைப்பதற்காக, அப்பச்சியின் வாழ்க்கையைப் படமாக எடுத்துக் காட்டுவதாகப் பங்காளிகள் நடுவில் அறிவித்துவிட்டேன்.

அப்பச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பினாங்குக்காரன் வருவானா?"

பினாங்குக்காரன் என்பது என் அண்ணன் மகன். மூத்த பேரன், அங்கே இருதய டாக்டர். அப்பச்சி தூக்கி வளர்த்த பிள்ளை. ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, இந்த முறையும் விடுப்பு கிடைக்கவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசுவதை அப்பச்சி ஒரு சந்திப்பாகவே ஒப்புக்கொள்வதில்லை. "உள்ளங்கைக்குள்ள இருக்குறவன்ட்ட என்ன பேசுறது?" என்பார்.

"படத்துல வருவான் அப்பச்சி. பெரிய திரையில, ஆள் உசரத்துக்கு வந்து உங்கள்ட்டப் பேசுவான்" என்று சொல்லிவிட்டேன்.

அவனும் பேசி எடுத்து அனுப்பிவிட்டான். எல்லாப் பேரன்மாரும் அனுப்பினார்கள். அத்தனையையும் கோர்த்து, நடுநடுவே என் குரலிலேயே வர்ணனையும் சேர்த்தேன். ஆனால் என் கணினியில் இருந்த மென்பொருள், முழுப் படமாகத் திரட்டச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அப்பச்சிக்குக் கல்யாணமாகும் இடத்தில் செத்துவிடும். அதற்கு மேல் அவர் வாழ்க்கை நகரவே இல்லை. அதனால்தான் வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டும் என்று ரயிலேறினேன்.

இரண்டாம் முறை ஹார்டு டிஸ்க்கோடு போனேன். அக்கா வராதவற்றைச் சொல்லத் தொடங்கினார்.

"எழுத்தெல்லாம் வராது. மறுபடி அடிக்கணும். சரியா?"

"சரி."

"மெதுவா ஓடுற மாதிரி செஞ்சிருக்கீகளே, அதெல்லாம் சாதாரணமா ஓடும். சரியா?"

"சரி."

"பக்கம் புரள்ற மாதிரி படம் மாறுமே, அது வராது."

பக்கம் புரட்டுவதில் நான் நிறைய உழைத்திருந்தேன். "சரி" என்றேன்.

"இங்குட்டு ஒண்ணு வச்சிருக்கீக. அப்பச்சியும் ஆத்தாவும் நிக்கிற படம் இதயமா மாறிப் பறந்து போகுது. அது வராது. வராததே நல்லது."

பிறகு என் துண்டுகளைத் திறந்து பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் கேமரா போட்ட நம்பரோடு அப்படியே கொண்டுவருவார்களாம். நான் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் உறை, அதாவது ஃபோல்டர், போட்டு, அதற்குள் ஒவ்வொரு துண்டுக்கும் பேசுகிறவரின் முழுப்பெயரைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

"பேரு வச்சிருக்கீக! பரவாயில்லையேண்ணே. பேரு இருந்தா மிஷினே தேடி எடுத்துக்கிரும்."

அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். கடைசியில் எங்களைக் கவிழ்த்ததும் அதுதான்.

வேலை முடிந்ததும், "ஒருக்கா முழுசா உக்காந்து பாத்துட்டுப் போங்க" என்றார். கணக்கில்லாமல் பார்த்தாயிற்று, இனி பார்த்தால் எனக்கே அப்பச்சி மேல் சலிப்பு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சதாபிஷேகத்தன்று சாப்பாடு முடிந்ததும், முற்றத்துக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி இருட்டாக்கி, அதைச் சுற்றிய வளவில் திரை போட்டோம். அக்கா படத்தை மட்டும் கொடுத்துவிடாமல் தன் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "அடுத்தவுக மிஷின்ல என்ன வராதுன்னு எனக்குத் தெரியாது" என்று காரணம் சொன்னார். அப்பச்சி மாலையோடு முன்வரிசையில், ஆத்தா, அதாவது அம்மா, பக்கத்தில். என் வர்ணனை கணீரென்று ஒலித்தது. கல்யாணமாகும் இடத்தைத் தாண்டிப் படம் ஓடியபோது எனக்குக் கண் கலங்கியது. இனிமேல் என்னை யாரும் பாதி மனிதன் என்று சொல்ல முடியாது.

அடுத்து பேரன்மார் வாழ்த்து. 'மூத்த பேரன், இருதய மருத்துவர், பினாங்கு' என்று எழுத்து வந்தது. அதற்கு மேலே, வாயெல்லாம் வெள்ளைப் பணியாரத்தோடு, என் தம்பிக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒன்றரை வயதுக் கைக்குழந்தை ஆளுயரத்துக்கு வந்து நின்றான். எல்லாரையும் உற்றுப் பார்த்தான்.

"வேணாம், போ" என்றான்.

வளவு அதிர்ந்தது. அடுத்து, 'வங்கி அதிகாரி, பெங்களூரு.' அதே குழந்தை, அதே பணியாரம், "வேணாம், போ." அடுத்து, 'கட்டடப் பொறியாளர், சிட்னி.' இப்போது கூட்டமே சேர்ந்து சொன்னது: "வேணாம், போ!"

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் மூத்த பையனுக்குத் தகப்பனாரின் அப்பா பெயரைத்தான் வைப்போம். அண்ணன் மகன், என் மகன், தம்பி மகன், இன்னோர் அண்ணனின் மகன் எல்லாருமே அப்பச்சி பெயரில் சாத்தப்பன். ஆனால் வீட்டுக்குள் ஒருவரையும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. மாமனார் பெயரை மருமகள்மார் எப்படிச் சொல்வார்கள்? அதனால் ஒருவன் தம்பி, ஒருவன் ராசா, ஒருவன் குட்டி, ஒருவன் பெரியதம்பி. நான்தான் ஒழுங்கு பார்க்கிறவனாயிற்றே. எல்லா ஊர் உறைக்குள்ளும் சாத்தப்பன், சாத்தப்பன் என்று எழுதி வைத்துவிட்டேன். புது மென்பொருள் சாத்தப்பனைத் தேடியது. முதலில் கையில் அகப்பட்டவனைத் தூக்கி நான்கு இடத்திலும் வைத்துவிட்டது.

"நீங்க பாக்கலையாக்கா?" என்று கிசுகிசுத்தேன்.

"பாத்தேனே. குழந்தையா இருந்தப்ப எடுத்ததைப் போட்டிருக்கீகன்னு நெனச்சேன். ஒரு வீட்டுப் புள்ளைக, ஒரே சாடையாத்தான இருக்கும்?"

"நாலு பேரும் ஒரே சட்டையிலயா?"

"இதயத்தைப் பறக்கவிட்ட ஆளுதானே நீங்க. ஏதோ செஞ்சிருக்கீகன்னு விட்டுட்டேன்."

சிரிப்புக்கு நடுவில் அப்பச்சி மட்டும் சிரிக்காமல் இருந்தார். கையை உயர்த்தினார். வளவு அடங்கியது. "பினாங்குக்காரன் எங்கே?" என்றார்.

அக்கா படத்தை நிறுத்தினார். எழுந்து நின்றார். எப்போதும் வராததை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறவர், இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அய்யா, அவுகளை நான் வராம விட்டுட்டேன். ஆனா இங்கதான் இருக்காக. இந்தா எடுக்குறேன்."

மென்பொருளை அப்படியே பெரிய திரையில் திறந்துவிட்டார். வெட்டும் கோடும் பட்டையுமாக, என் படத்தின் குடல் மொத்தமும் சொந்தக்காரர்கள் முன்னால் தெரிந்தது. ஊர் உறைகள் வரிசையாக வந்தன.

"இந்தா ஒரு சாத்தப்பன். இவுக யாரு?"

"அது ராசா!" என்று என் மனைவி கத்தினாள்.

"இது?"

"பெரியதம்பி! இல்ல, இல்ல, அது குட்டி! மீசையப் பாரு!" என்றார் என் ஆச்சி. கூடப் பிறந்த மூத்தவர், யாரையும் பேசவிடாதவர்.

"கண்ணாடி போட்டவன்" என்றார் அப்பச்சி, நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து. "அங்குட்டுப் போம்மா. இன்னும் கீழ. அந்தா!"

அக்கா அழுத்தினார். பினாங்குக்காரன் ஆளுயரத்துக்கு வந்தான். "அய்யா, வர முடியலைன்னு கோவிச்சுக்காதீக. மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்க. ஆவணிக்குக் கட்டாயம் வாரேன்" என்றான். அப்பச்சி, "சரி, சரி" என்று திரைக்குப் பதில் சொன்னார். பிறகு, "இன்னொருக்காப் போடும்மா" என்றார். போட்டார். மறுபடியும் போட்டார். ஒவ்வொரு முறையும் அப்பச்சி "சரி" என்றார், தலையாட்டாமல், வாயைத் திறந்து. அக்காவுக்கு அது பிடித்திருக்க வேண்டும்.

அப்புறம் பேரன் ஒவ்வொருவரையும் கூட்டம் கூச்சல் போட்டுத்தான் கண்டுபிடித்து இடத்தில் உட்கார வைத்தது. கடைசியில், கைக்குழந்தையையும் இன்னொரு முறை போடச் சொன்னார்கள். படத்தின் மிச்சப் பகுதியை யாரும் கேட்கவில்லை. அப்படியாக, எங்கள் வீட்டில் இன்னொரு காரியமும் பாதியில் நின்றது.

மதுரைக்குப் போன பிறகு ஒருநாள் அக்கா போன் செய்தார். நான் அப்பச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு அவருக்கும் கேட்கும்படி போனை வைத்தேன்.

"அண்ணே, நான் புது சாப்ட்வேருக்கு மாறிட்டேன். பழசு இனிமே தொறக்காது. அய்யா படத்தை இதுக்கு மாத்தி வச்சிருவோமா? கொஞ்சம் போகும். என்னென்ன போகும்னு சொல்லவா?"

அப்பச்சி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, படம் பூரா நடுநடுவுல ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கானே, அவன் போயிருவானா?"

அக்கா யாருக்காகவும் பொய் சொல்லாதவர்.

"இல்லய்யா, அவரு குரல் அப்படியே வந்துரும்."

"அப்ப இருக்குறபடியே இருக்கட்டும்" என்று போனை என்னிடம் கொடுத்தார் அப்பச்சி.